கரையில் ஆளில்லாத நாள்

குருசுபட்டினம்
12.07.2024

அன்புள்ள தம்பி இனிகோவுக்கு,

தோத்திரம். மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மாதாவின் கணக்கில் விட்டுப்போயிருக்கிறது. உன் சர்க்கரை எப்படி? மாத்திரையை ஒழுங்காகப் போடு. மீட்டிங்கில் கொடுக்கிற பிஸ்கட்டைத் தின்னாதே.

இந்தக் காலத்தில் எதற்கு அக்கா கடிதம் என்று கேட்பாய். போன் செய்தால் 'மீட்டிங்ல இருக்கேன்க்கா' என்கிறாய். கடிதத்தை எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குள் ஒளிய முடியாது. இன்னொன்று, இந்த ஊர்த் தபாலாபீசுக்கு நான்தான் போஸ்ட்மாஸ்டர். என் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். தபால் குறைவு, மூடலாமா என்று மேலே யோசிக்கிறார்களாம். ஆகவே நீ எனக்குக் கடிதம் போடுவது உன் பாசமல்ல, என் பிழைப்பு.

செய்தி என்னவென்றால், ஜாய்சன் மஸ்கட்டை முடித்துக்கொண்டு வந்துவிட்டான். போன வளர்ச்சித் திட்டத்தில் பைபாஸ் ரோட்டோரம் பயிற்சி மையம் கட்டினார்களே, அதில் படித்துப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் என்று சான்றிதழ் வாங்கியவன் என் பிள்ளை. மஸ்கட்டில் இறங்கியதும் அவன் தோளில் இரும்புக் குழாயைத்தான் ஏற்றினார்கள். இப்போது ஆன்டனி அண்ணன் போட்டில் தங்குகடலுக்குப் போகிறான். திங்கள் விடியலில் போனால் சனிக்கிழமை கரை. முகத்தில் சதை பிடித்திருக்கிறது, சிரிக்கிறான்.

அந்தப் பயிற்சி மையத்தில் இப்போது ஒடிசாப் பையன்கள் படுத்துக் கிடக்கிறார்கள். குடோனில் மூட்டை தூக்க வந்தவர்கள். நம் பையன்களை இங்கிருந்து அனுப்பிவிட்டு, வேறு யார் வீட்டுப் பிள்ளையையோ இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். அவரவர் வீட்டிலேயே விட்டிருந்தால் ரயில் செலவாவது மிச்சம். திட்டம் போட்ட புத்திசாலி யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் ஒரு கும்பிடு போடலாம்.

ஆகஸ்டில் அப்பா நினைவுப் பூசை. நீ வரமாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன். கல்லறையில் வெறும் பெட்டிதானே இருக்கிறது என்று நீ ஒருமுறை சொன்னாய். வெறும் பெட்டிதான். கடலுக்குப் போன அப்பாவின் உடம்பு கிடைக்காமலே, சாவுக்கு அடிக்கிற துட்டி மணியை அடித்து, வெறும் பெட்டியைத் தூக்கிப்போய் அடக்கம் செய்தோம். அன்றைக்கு இந்தக் கரையிலிருந்து ஒரு போட்டும் இறங்கவில்லை. மணி அடித்தால் அடக்கம் முடிகிறவரை கடலுக்குப் போகக்கூடாது என்பது உனக்கும் தெரியும்தானே. அந்த மரியாதைக்காக நான் வருஷா வருஷம் மாலை போடுகிறேன்.

உன் அத்தான் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அக்கா
பேபி

*

சென்னை
29.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. முழங்காலுக்கு ஒரு தைலம் அனுப்புகிறேன்.

ஜாய்சன் அவசரப்பட்டுவிட்டான் என்று தோன்றுகிறது. ஆனால் அதைப் பேச இப்போது எழுதவில்லை. ஒரு மகிழ்ச்சியான செய்தி. தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள கரையோரத்துக்கு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பு எங்கள் நிறுவனத்துக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு நான்தான் தலைமை. நம் ஊரும் அதில் வருகிறது. நம் மண்ணுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற என் ஆசை இப்போதுதான் நிறைவேறப்போகிறது.

அடுத்த மாதம் வீடு வீடாகக் கணக்கெடுக்க என் குழு வரும். பத்மஸ்ரீ என்று ஒரு பெண், ஆழ்வார்திருநகரிக் குடும்பம், கெட்டிக்காரி. மீன் வாசனை பழக்கமில்லை. உன் வீட்டில் மோர் ஏதாவது கொடு. கேட்கிற கேள்விகளுக்கு ஊரார் ஒத்துழைக்கும்படி நீ சொன்னால் கேட்பார்கள்.

அப்பா பூசைக்கு வர முயற்சி செய்கிறேன்.

அன்புத் தம்பி
இனிகோ

*

குருசுபட்டினம்
02.09.2024

அன்புள்ள தம்பிக்கு,

தோத்திரம். நீ முயற்சி செய்தது தெரிந்தது. பூசை நல்லபடியாக முடிந்தது. தைலம் வந்தது, முழங்கால் இப்போது வலியோடு மணக்கவும் செய்கிறது.

உன் குழு போன செவ்வாய்க்கிழமை வந்து இறங்கியது. ஆளுக்கொரு தொப்பி, கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். செவ்வாய்க்கிழமை இந்த ஊரில் யார் இருப்பார்கள் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆண்கள் எல்லாம் கடலில். பெண்கள் பாதிப்பேர் மீன் விற்க டவுனுக்குப் போயிருந்தார்கள். பூட்டிய வீட்டையெல்லாம் அவர்கள் போட்டோ எடுத்தார்கள். பூட்டுக்குக்கூட இத்தனை மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை.

பத்மஸ்ரீ நல்ல பெண்தான். மோரைக் குடித்துவிட்டு, "வீட்டு ஆண்கள் எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். "கடலுக்குப் போயிருக்காவ தாயி" என்றேன். டேப்லெட்டைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். "இதுல கடல்னு இல்ல மேடம். வீட்ல இருக்கார், வெளியூர் போயிட்டார், ரெண்டுதான் இருக்கு" என்றாள். வீட்டில் இல்லை என்று நான் சொல்ல, அவள் வெளியூர் என்று தட்டினாள். என் பிள்ளை மஸ்கட்டுக்குப் போனபோதுகூட இவ்வளவு சுலபமாக வெளியூர் போகவில்லை. விசா எடுக்கவே ஆறுமாதம் ஆனது.

உன் அத்தான் வாசலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் கிழிசல் தைக்கிற மனிதரைப் பார்த்து, "ஐயா வேலை தேடிக்கிட்டிருக்கீங்களா?" என்று ஒரு தொப்பிக்காரன் கேட்டான். "ஊசியத் தேடுதேன்" என்றார் அத்தான். வேலையில்லாதவர் என்று பதிந்துகொண்டு போனான்.

ஏன் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்று பத்மஸ்ரீயிடம் கேட்டேன். "சார்தான் வேண்டாம்னு சொன்னார். ஞாயித்துக்கிழமை பூசை நேரம், ஊரைத் தொந்தரவு செய்யக்கூடாதுன்னார்" என்றாள். உனக்கு இத்தனை பக்தி இருப்பது எனக்கு இதுவரை தெரியாது. கோயில் வாசலை மிதித்து எத்தனை வருஷம் ஆயிற்று உனக்கு?

சரி, நடந்தது நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்ப வரச்சொல். எல்லோரும் கரையில் இருப்பார்கள். எண்ணிக்கொள்ளட்டும்.

அக்கா
பேபி

*

சென்னை
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை நெருக்கடி. மழைக்காலம் வருகிறது, முன்னறை ஒழுகினால் தார்ப்பாய் போட்டுக்கொள்.

நீ எழுதியதைப் படித்துச் சிரித்தேன். எந்தக் கணக்கெடுப்பிலும் சிறு குறைகள் இருக்கும். மொத்தமாகப் பார்க்கும்போது அவை சமன்பட்டுவிடும் என்பதுதான் முறை. முதல்கட்ட முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. இளைஞர்கள் மாற்று வேலைகளை நோக்கி நகர்ந்துவிட்டார்கள் என்பதே எங்கள் புரிதல். அதற்கேற்ற வாய்ப்புகளை நாம் உருவாக்க வேண்டும்.

ஜாய்சனுக்கு மனம் இருந்தால், புதிய பயிற்சி மையத்தில் ஒருங்கிணைப்பாளர் வேலைக்கு நான் சொல்ல முடியும். சட்டை கசங்காத வேலை. யோசிக்கச் சொல்.

அத்தானுக்கு என் அன்பு.

இனிகோ

*

குருசுபட்டினம்
28.10.2024

தம்பி இனிகோவுக்கு,

தோத்திரம். முன்னறை ஒழுகவில்லை. ஒழுகுவது வேறு இடம்.

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டேன். நீ தார்ப்பாயைப் பற்றி எழுதியிருக்கிறாய். சிறு குறை என்கிறாய். ஒரு ஊர் ஆண்பிள்ளைகள் மொத்தத்தையும் காணாமல் ஆக்கிவிட்டு, அது சமன்பட்டுவிடும் என்றால் எதை வைத்துச் சமன்செய்வாய்? பக்கத்து ஊரில் இரண்டு மடங்கு எண்ணுவாயா?

நேற்று ஆன்டனி அண்ணன் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் ஊர்க் கமிட்டித் தலைவர் என்பது உனக்கு மறந்திருக்கும். நம் கரையில் சரக்கு இறங்குதுறையும், அதையொட்டித் தொழில் பூங்காவும் வரப்போகிறதாம். 'மீன்பிடித் தொழில் ஏறத்தாழ நின்றுபோன, பயன்பாடு குறைந்த கடற்கரை' என்று போட்டிருக்கிறான். போட்டுகளை நிறுத்த வேறு இடம் பின்னால் பார்த்துத் தருவார்களாம். "ஏளா பேபி, நம்ம கரையில தொழில் நின்னுபோச்சாமே. அப்பம் நேத்து நான் ஏலம் விட்டது யாரு மீனு?" என்று கேட்டார். உனக்குத் தெரிந்தால் எழுது.

பூங்கா என்று பெயர் வைத்தவன் எவனோ, அவன் வீட்டுக் கொல்லையில் நாலு லாரியையும் ஒரு நிலக்கரிக் குவியலையும் வைத்துவிட்டுப் பூப்பறிக்கச் சொல்லவேண்டும்.

ஜாய்சனிடம் உன் வேலையைச் சொன்னேன். "எதை ஒருங்கிணைக்கணுமாம்?" என்று கேட்டான். எங்கள் பையன்களைப் பிடித்து மஸ்கட்டுக்கு அனுப்புகிற வேலை என்று புரியவைத்தேன். "மாமா அங்கன ஒரு வெயில்காலம் இருந்துட்டு வரட்டும். பொறவு பேசுவோம்" என்றான். கரை போய்விட்டால் அவனுக்குத் திரும்பவும் குழாய்தான். இதுதான் எனக்குப் பயம். மற்றதெல்லாம் வெறும் கோபம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் எழுது. எங்கள் ஆட்கள் கடலில்தான் இருக்கிறார்கள் என்று உன் மேலிடத்தில் நீ சொன்னாயா, இல்லையா?

பேபி

*

குருசுபட்டினம்
10.12.2024

தம்பிக்கு,

தோத்திரம். நாங்கள் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். பதில் எழுதாதவர்கள் பொதுவாக சுகமாகத்தான் இருக்கிறார்கள்.

புயல் எச்சரிக்கை வந்து ஒரு வாரம் போட்டுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. பார்க்கிற இடமெல்லாம் ஆம்பிளைகள். அந்த வாரம் உன் குழு வந்திருந்தால் ஊருக்குள் கால்வைக்க இடம் இருந்திருக்காது. உனக்குப் புயலும் தெரிந்திருக்கிறது போல, யாரையும் அனுப்பவில்லை.

கிறிஸ்துமசுக்கு மாவு இடித்தாயிற்று. வழக்கம்போல உன் பங்கை எடுத்துவைக்கிறேன். வழக்கம்போல ஜனவரியில் நாங்களே தின்போம்.

பேபி

*

சென்னை
23.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். இரண்டு மாதமாக உன் கேள்வியை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. வெறும் பெட்டியின் ஒரு மூலையை என்னைத்தான் பிடிக்கச் சொன்னார்கள். அது எடையே இல்லாமல் இருந்தது. அந்த எடையில்லாமை இன்னும் என் கையில் இருக்கிறது. கடல் ஒரு தொழில் என்று நீ சொல்கிறாய். எனக்கு அது அப்பாவைத் திருப்பித்தராத இடம். ஜாய்சன் அதில் இறங்குகிறான் என்று நீ சந்தோஷமாக எழுதுகிறாய், நான் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப்போகிறேன். நம் பிள்ளைகளை அந்தத் தண்ணீரிலிருந்து எடுத்து நிலத்தில் நிறுத்த வேண்டும். அதற்குக் கொஞ்சம் கணக்கு வளைந்தாலும் பரவாயில்லை என்று ஒருவன் நினைத்தால், அவன் கெட்டவன் ஆகிவிடுவானா?

ஜனவரி மாதத்தில் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குத் தேதி குறிப்பார்கள். நம் ஊர்க் கோயில் மைதானத்தில்தான் நடக்கும். ஊரார் வந்து சொல்வதைக் கேட்காமல் எதுவும் முடிவாகாது. அதுதான் ஜனநாயகம்.

அதிரசம் எடுத்துவை. இந்தமுறை வருவேன்.

இனிகோ

*

குருசுபட்டினம்
06.01.2025

அன்புள்ள தம்பிக்கு,

தோத்திரம். புது வருஷத்தில் எல்லோரும் சுகம். அதிரசம் பூசணம் பிடிப்பதற்கு முன்னால் தின்றுவிட்டோம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பெட்டியின் மூலையை நீ பிடித்தது நினைவிருக்கிறது. பின்மூலையை நான் பிடித்தேன். பெண்கள் பிடிக்கக்கூடாது என்றார்கள், கேட்கவில்லை. படித்தபோது அழுதேன் என்பதை மறைக்கவில்லை. முகத்தைக் கழுவிவிட்டுத் திரும்பப் படித்தபோதுதான், என் கேள்விக்கு அதில் பதிலே இல்லை என்பது தெரிந்தது. அப்பாவை முன்னால் நிறுத்தி அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாய். அவர் இருந்திருந்தால் காதைத் திருகி முன்னால் இழுத்துவிட்டிருப்பார்.

பிள்ளைகள் மேல் இத்தனை பயம் இருக்கிறவன் கடலில் போகிற போட்டுக்கு ஒரு நல்ல வயர்லெஸ் செட் கேட்டு எழுதலாம். ஒரு ஆம்புலன்ஸ் போட் கேட்கலாம். பயந்தவன் கேட்கிறது அதைத்தான். நீ கேட்டது கரையை.

போகட்டும், உன் ஜனநாயகத்துக்கே வருகிறேன். கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை வை. பூசை முடிந்து பத்து மணிக்கு வை. திங்கள் முதல் சனி வரை வைத்தால் காலி நாற்காலிகளுக்குத்தான் நீ பேசவேண்டியிருக்கும். நாற்காலிகளுக்கு ஆட்சேபம் இருக்காது. இதை எழுதுகிறபோது எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் தம்பி என்பதால் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போதும். மற்றதை நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

அக்கா
பேபி

*

சென்னை
24.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்காலுக்கு இங்கே ஒரு டாக்டரிடம் கேட்டேன், எடை குறைக்கச் சொல்கிறார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் பிப்ரவரி 12, புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு என்று முடிவாகியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரசு விடுமுறை. அதிகாரிகளைக் கூப்பிட முடியாது. தேதி என் கையில் இல்லை. அறிவிப்பு முறைப்படி வெளியாகிவிட்டதால் இனி மாற்ற வாய்ப்பில்லை.

ஒரு வேண்டுகோள். கமிட்டி வேலைநிறுத்தம், மறியல் என்று எதையாவது அறிவித்தால் சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டிக் கூட்டத்தை டவுனுக்கு மாற்றிவிடுவார்கள். போலீஸ் வரும். அது நம் ஊருக்குத்தான் கெட்ட பெயர். ஆன்டனி அண்ணனிடம் பக்குவமாகச் சொல்.

நான் நேரில் வருகிறேன். திட்டத்தை விளக்குவது நான்தான். மதியச் சாப்பாடு உன் வீட்டில்.

இனிகோ

*

குருசுபட்டினம்
29.01.2025

தம்பிக்கு,

தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. டாக்டரின் யோசனையும் கிடைத்தது.

வேலைநிறுத்தம் எதுவும் இல்லை. ஆன்டனி அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றுவிட்டார். யாருக்கும் கெட்ட பெயர் வேண்டாம்.

நீ ரயிலில் வருகிறாயா, காரில் வருகிறாயா? ஊருக்குள் எத்தனை மணிக்கு வருவாய்? அதைமட்டும் தெரியப்படுத்து.

பேபி

*

சென்னை
03.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ புரிந்துகொண்டதில் எனக்கு எத்தனை நிம்மதி என்று சொல்லத் தெரியவில்லை. முதல்நாள் இரவு தூத்துக்குடியில் தங்கிவிட்டு, புதன்கிழமை காலை பத்து மணிக்குக் காரில் ஊருக்குள் வருவேன். முடிந்தால் நெத்திலி வறுத்து வை.

இனிகோ

*

சென்னை
15.02.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? கூட்டம் முடிந்து உன் வீட்டுக்கு வந்தேன். தபாலாபீஸ் கதவு பூட்டியிருந்தது. தட்டிப்பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

நடந்தது எதுவும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கார் கோயில் வளைவுக்குள் நுழைந்தபோது கரை முழுக்கப் போட்டுகள் நின்றன. ஒன்றுகூடக் கடலில் இல்லை. மைதானத்தில் ஆண்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டையில் கூடியிருந்தார்கள். நான் இறங்கினேன். ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மேடையில் ஏறினேன். திரையில் முதல் படமே, 'உழைக்கும் வயது ஆண்களில் பெரும்பாலோர் வெளியேறிய கிராமம்' என்பதுதான். எதிரே அவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். இடமில்லாமல் சுவர் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். ஜாய்சன் முன்வரிசையில் இருந்தான். யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லோரும். கூட்டத்துக்குத் தலைமை வகித்த அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்து, "இவங்கள்லாம் யாரு சார்?" என்று கேட்டார். ஒவ்வொருவராக எழுந்து பெயரையும் போட்டின் பெயரையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். மாலை வரை அதுதான் நடந்தது. மறுபடியும் கணக்கெடுத்து வரச்சொல்லி அதிகாரி அறிக்கையைத் திருப்பிவிட்டார். பத்மஸ்ரீ கூட வேறு காரில் ஏறிப் போய்விட்டாள்.

ஞாயிறு மாலை துட்டி மணி அடித்தது என்று டீக்கடையில் சொன்னார்கள். யாருக்கு என்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. மணி அடிக்கிற கோயில்பிள்ளை மிக்கேல் அண்ணனிடம் கேட்டேன், தலையைக் குனிந்துகொண்டு மணிக்கூண்டுக்குள் போய்விட்டார். ஆன்டனி அண்ணன் கை கொடுக்கவில்லை. கிளம்பும்போது கார் பானட்டின் மேல் ஒரு பெரிய மாலை இருந்தது. வரவேற்புக்கு வாங்கியதாக இருக்கும் என்று டிரைவர் அதைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டான். சென்னை வரும்வரை கார் முழுக்க சம்பங்கி வாசனை.

யார் இறந்தது அக்கா? எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? நெருங்கியவர்கள் என்றால் இங்கே ஒரு பூசை வைக்கிறேன். அத்தான் நன்றாக இருக்கிறார்தானே?

இனிகோ

*

குருசுபட்டினம்
22.02.2025

இனிகோவுக்கு,

தோத்திரம். உன் அத்தான் நன்றாக இருக்கிறார். வாசலில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். நானும் சுகம். நீ கதவைத் தட்டியபோது உள்ளேதான் இருந்தேன்.

தேதி உன் கையில் இல்லை என்று எழுதினாய். சென்னைக்காரனுக்குப் புதனும் ஞாயிறும் ஒன்றுதான். அவன் தெரியாமல் புதன்கிழமை வைத்தால் அது மடத்தனம், மன்னிக்கலாம். தெரிந்து வைக்க இந்தக் கரையில் பிறந்தவனால்தான் முடியும். கணக்கெடுக்க ஒரு செவ்வாய், கூட்டத்துக்கு ஒரு புதன். பூசை நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி அனுப்பிய அன்றே நீ முடிவு செய்துவிட்டாய். உன் கடிதம் கிடைத்த ஜனவரியில்தான் எனக்கு அது முழுசாக விளங்கியது.

வேலைநிறுத்தம் வேண்டாம் என்றாய். செய்யவில்லை. ஞாயிறு மாலை நேராகக் கோயில்பிள்ளையிடம் போனேன்.

"மிக்கேலண்ணே, துட்டி மணி அடிங்க."

"யாருக்கு தாயி?"

"என் தம்பி இனிகோ எனக்கு இல்லாமப் போயிட்டான்."

"ஐயோ மாதாவே. எப்பம்?"

"கொஞ்ச நாளாவே போய்க்கிட்டுதான் இருந்தான். எனக்கு இப்பம்தான் உறுதியாச்சு."

"உடம்பு எப்பம் வருது?"

"புதன்கிழம காலையில. பத்து மணிக்குக் கார்ல வருது."

அவர் அடித்தார். உடம்பு இல்லாமல் மணி அடிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. ஆன்டனி அண்ணன் ஐஸ், டீசல் எல்லாம் ஏற்றி முடித்திருந்தார். அப்படியே விட்டுவிட்டு வந்து என் வாசலில் உட்கார்ந்தார். "எத்தன வருசம் ஆனாலும் நம்ம ஊருப் பிள்ளைதானே. அடக்கத்துக்கு இல்லாம எவன் கடலுக்குப் போவான்?" என்றார். ஐஸ் எல்லாம் உருகிப்போனது. மூன்று நாள் ஒருவனும் கடலில் இறங்கவில்லை. எல்லாம் உனக்காக. உன்னை எண்ணாமல் விட இவர்களுக்குத் தெரியவில்லை பார்.

புதன்கிழமை உன் கார் வந்து நின்றது. நீ இறங்கினாய். நான் பெண்களோடு பின்னால் நின்றேன். ஆன்டனி அண்ணன் உன்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், பேனரைப் பார்த்தார், கடைசியாக என்னைத் திரும்பிப் பார்த்தார். விளங்கிவிட்டது அவருக்கு. "ஏளா, உடம்பு நடந்துல்லா வருது" என்றார். பிறகு எல்லோரையும் பார்த்து, "நாற்காலி போட்டிருக்கு. வந்தது வந்தோம், இருந்து அடக்கத்தப் பாத்துட்டே போவோம்" என்றார். அந்தப் பூமாலை ஊர்க் கமிட்டி வாங்கியது. உனக்கு வாங்கியதுதான், நீ கொண்டுபோனது சரி.

மாதா கோயில் மணியைப் பொய்க்கு அடிக்க வைத்ததற்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். "பொய்யா?" என்று கேட்டார். நான் யோசித்துவிட்டு, தெரியவில்லை சாமி என்றேன். ஒரு செபமாலை சொல்லச் சொன்னார். ஊரில் யாரும் என்னிடம் கோபப்படவில்லை. அது எனக்கு ஆறுதலாக இல்லை.

மணி அடித்தபோது முன்னறையில் உட்கார்ந்து அழுதேன். நடிக்கவில்லை. பெட்டியின் மூலையைப் பிடித்துக்கொண்டு வந்த பையனுக்காக அழுதேன். அந்தப் பையன் எப்போது போனான் என்று எனக்கு நாள் தெரியவில்லை.

உன் பூசையை நீயே வைத்துக்கொள். இறந்தவர் பெயருக்கு வருகிற தபாலை எப்படித் திருப்புவது என்று எங்கள் இலாகாவில் விதி இருக்கிறது. இறந்தவர் போடுகிற கடிதத்தை என்ன செய்வது என்று இல்லை. ஆகவே வந்தால் வாங்கிக்கொள்வேன். பதில் போடமாட்டேன்.

ஊருக்குள் உனக்கு மணி அடித்தாயிற்று. அதை என்னால் திருப்பி அடிக்க முடியாது. நீ உயிரோடுதான் இருக்கிறாய் என்று உனக்குத் தோன்றினால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. அன்றைக்கு எல்லோரும் கரையில் இருப்பார்கள். அவர்களிடம் சொல்.

பேபி